ஃபார்மட் பண்ணிடலாம் சார்!

பத்து நாளில் இந்த வாக்கியத்தை நான்கு பேரிடம் கேட்டுவிட்டேன். தஞ்சாவூரில் இரண்டு கம்ப்யூட்டர் கடைக்காரர்கள், பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், எதிர்வீட்டில் பொறியியல் படிக்கும் பையன். நான்கு பேருமே நல்லவர்கள்தான். ஆனால் ஒருவர்கூட என் கம்ப்யூட்டர் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகப் படித்துப் பார்க்கவில்லை. என் கோபம் அதைப் பற்றித்தான்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் இருப்பது 2016இல் வாங்கிய மேசைக் கணினி. அதில் லினக்ஸ் போட்டு ஓட்டுகிறேன். நான்கு வருடமாக ஒரே பதிப்பு. புதுப் பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளலாமா என்று அது ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை காபி குடித்துவிட்டு, எட்டரை மணிக்கு 'சரி' என்று அமுக்கினேன். ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விட்டது. மாதாந்திரப் பராமரிப்பு. முதல்நாள் பேப்பரிலேயே போட்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தைத் தாண்டி, யார் யார் காலமானார்கள் என்று பார்க்கும் பக்கத்துக்குப் போய்விடுகிற ஆள். யுபிஎஸ் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது. இரண்டு தடவை கீச்சென்று கத்திவிட்டு அதுவும் அடங்கியது. ஆக, மின்வாரியத்தின் மேல் குற்றமில்லை, கம்ப்யூட்டர் மேலும் குற்றமில்லை. முழுக்க என் தப்பு. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதை நான் மறுக்க மாட்டேன்.

சாயந்தரம் கரண்ட் வந்து பொத்தானை அமுக்கினால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகப் பத்திருபது வரி. கடைசியில் 'கெர்னல் பானிக்' என்று ஒரு வரி. அதாவது இயங்குதளத்தின் அடிப்படை நிரலே கதிகலங்கி நிற்கிறதாம். எழுபதை நெருங்குகிற எனக்கும் அதே நிலைமைதான்.

உள்ளே என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். பென்ஷன் காகிதங்கள், ஊரில் இருக்கும் ஒன்றரை மா நிலத்தின் பத்திரம், பட்டா, சிட்டா எல்லாவற்றின் நகல். நான் எழுதியவை எல்லாம். இவற்றில் பாதியைத் திரும்பத் தேடிப் பிடித்துவிடலாம். ஆனால் என் மனைவி 2022இல் போனாள். அந்த வருடப் பொங்கலுக்குப் பால் பானை எந்தப் பக்கம் பொங்கியது என்று அவளும் என் அக்காவும் சண்டை போட்ட மூன்று நிமிட வீடியோ அதில் இருந்தது. அவள் குரல் என்று என்னிடம் இருப்பது அந்த மூன்று நிமிடம்தான். மகன் வாங்கிக் கொடுத்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் கடைசியாக நான் நகல் எடுத்தது 2021இல். அதுவும் என் தப்புதான்.

மறுநாள் சிபியுவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு முதல் கடைக்குப் போனேன். இருபத்தைந்து வயதுப் பையன். மரியாதையாக நாற்காலி போட்டான். வயரை மாட்டி, மூன்று விநாடி பார்த்தான்.

"சார், இது லினக்ஸா? யாரு சார் உங்களுக்கு இதைப் போட்டுக் குடுத்தது?"

போலி டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்த நோயாளியைப் பெரியாஸ்பத்திரியில் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"நானேதான் தம்பி போட்டேன்."

"ஃபார்மட் பண்ணிடலாம் சார். விண்டோஸ் போட்டுத் தர்றேன். ஐநூறு ரூபா. சாயந்தரம் வந்து எடுத்துக்குங்க."

"உள்ள இருக்கறதெல்லாம்?"

"அது போயிடும் சார். பேக்கப் இருக்குல்ல?"

இல்லை என்றேன். அவன் முகத்தில் உண்மையிலேயே வருத்தம் தெரிந்தது. சாவு வீட்டில் கையைப் பிடித்துக்கொள்வார்களே, அந்த வருத்தம். இரண்டாவது கடையில் அதுவும் இல்லை. "மெஷினே பழசு சார். விண்டோஸ் பதினொன்னு இதுல ஏறாது. எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடுங்க" என்றார் முதலாளி. மகன் போனில், "அப்பா, ஃபார்மட் பண்ணிட்டு விடுங்க, இல்ல நான் புதுசா ஒரு லேப்டாப் ஆர்டர் போட்டுடறேன்" என்றான். எதிர்வீட்டுப் பையனோ, கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருடம், "தாத்தா, க்ளீனா ஃபார்மட் அடிச்சா ஃபாஸ்ட்டா ஓடும்" என்றான். நன்றாகத்தான் ஓடும். கையிருப்பு நெல்லை எல்லாம் கொளுத்திவிட்டால் பத்தாயம்கூட விசாலமாகத்தான் இருக்கும்.

நம் பக்கத்தில் போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் என்ன செய்கிறோம்? கழற்றித் தூக்கிக்கொண்டு காயில் கட்டுகிறவரிடம் போகிறோம். அவர் திறந்து பார்த்து, எந்தச் சுற்று கருகியிருக்கிறது, பேரிங் எப்படி இருக்கிறது என்று சொல்கிறார். கம்பி சுற்றி வார்னிஷ் பூசிக் கொடுக்கிறார். திரும்ப இறக்குகிறோம், தண்ணீர் வருகிறது. மோட்டார் எரிந்துவிட்டது, கிணற்றைத் தூர்த்துவிட்டு வேறு கிணறு வெட்டிக்கொள்ளலாம் என்று எந்த மெக்கானிக்காவது சொல்வாரா? சொன்னால் ஊரில் தொழில் நடத்த முடியுமா? கம்ப்யூட்டர் கடையில் மட்டும் அதைச் சொல்கிறார்கள், நாமும் ஐநூறு ரூபாய் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இயங்குதளம் என்பது மோட்டார். நம் கோப்புகள் கிணறு. மோட்டார் நின்றால் கிணறு வற்றிவிட்டதாக அர்த்தமில்லை. என் மெஷினில் பாதியில் நின்றது புதுப் பதிப்பை ஏற்றுகிற வேலை மட்டும்தான். நான் எழுதியதும் அவள் குரலும் அதே ஹார்ட் டிஸ்கில் வேறொரு இடத்தில் யாரும் தொடாமல் கிடந்தன. இது ஏதோ நுட்பமான விஷயம் இல்லை. லினக்ஸில் வேலை செய்கிற எவருக்கும் தெரிந்த பாலபாடம். அது கடைக்காரர்களுக்குத் தெரியவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றே தோன்றவில்லையே, அங்கேதான் எனக்குச் சுடுகிறது.

ஆனால் இந்தப் பையன்களைத் திட்டுவதற்கு முன் நான் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டிய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கும் மேலான கணக்கு.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டம் தொடங்கியது. முதல் வருடத்துக்கு மட்டும் ஒன்பது லட்சத்துக்கு மேல். எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கியது. நான் அப்போது ஒரத்தநாடு பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். அட்டைப்பெட்டிகள் லாரியில் வந்து இறங்கிய நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதுவரை கால்குலேட்டரைக்கூடக் கடன் வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனார்கள்.

அந்த மடிக்கணினியைத் திறந்தால் முதலில் ஒரு கேள்வி கேட்கும். விண்டோஸில் போகிறாயா, பாஸ் லினக்ஸில் போகிறாயா என்று. இரண்டையும் போட்டே கொடுத்திருந்தார்கள். பாஸ் என்பது நம் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. முதல் பதிப்பு 2007இல் வந்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் மெனு வரும். அதற்கும் முன்பே, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், எல்காட் தன் அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியிருந்தது. ஆக, தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் தெரியாத சரக்கு இல்லை. லட்சக்கணக்கான வீட்டுக்குள் அரசாங்கமே கொண்டுபோய் வைத்தது.

வைத்துவிட்டு என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. எங்கள் பள்ளியில் எனக்கு வந்த பயிற்சி, கையெழுத்து வாங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுப்பது எப்படி என்பது ஒன்றுதான். அந்த 'பாஸ்' எதற்கு, அதில் என்ன செய்யலாம், பழுதானால் என்ன பண்ணுவது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் எங்கள் ஆசிரியர் சமுதாயம் கெட்டிக்காரச் சமுதாயம், நானும் அதில் ஒருவன்தானே.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் அதற்குச் சில வருடம் முன்பே அரசுப் பள்ளிகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டது. அவர்கள் இயங்குதளத்தை மட்டும் கொடுக்கவில்லை. பள்ளி ஆசிரியர்களிலிருந்தே ஆள் எடுத்து மாஸ்டர் டிரெய்னர்களாக்கினார்கள். அவர்கள் மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பத்தாம் வகுப்பின் ஐடி செய்முறைத் தேர்வையும் அதிலேயே நடத்தினார்கள். 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர்களுக்கே குழு வைத்தார்கள். நம்மிடம் மெஷினுக்குப் பஞ்சமில்லை. ஆளைத் தயார் செய்யத்தான் மறந்துவிட்டோம். மேட்டூரில் தண்ணீரைத் திறந்துவிட்டு, வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டால் பேராவூரணிக் கடைமடைக்கு என்ன போய்ச் சேருமோ, அதுதான் இங்கேயும் போய்ச் சேர்ந்தது.

ஆறு மாதத்துக்குள் பெரும்பாலான மடிக்கணினிகளில் பாஸ் இல்லை. வைரஸ் புகுந்தது என்றால் கடை. மெதுவாக ஓடுகிறது என்றால் கடை. கடையில் ஒரே மருந்துதான், ஃபார்மட். காசு கொடுத்து வாங்காத ஒரு விண்டோஸைப் போட்டு, சினிமாப் பாட்டு நாலு ஜிபி ஏற்றி அனுப்பினார்கள். அரசாங்கம் வரிப்பணத்தில் கொடுத்ததைக் கையிலிருந்து முந்நூறு ரூபாய் கொடுத்து அழித்துக்கொண்டு வந்தார்கள்.

2013இல் பிளஸ் டூ படித்த ஒரு பெண். அப்பா கிடையாது. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். ஒருநாள் மடிக்கணினி எழுந்திருக்கவில்லை என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. நான் பார்த்தேன். படிக்கவில்லை, பார்த்தேன். "கடையில குடும்மா, சரி பண்ணிக் குடுப்பாங்க" என்றேன். கையில் இருநூறு ரூபாயும் கொடுத்தேன். அது பெரிய தர்மம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வந்தாள். மெஷின் நன்றாக ஓடியது. அதில் அவள் அப்பாவின் படம் ஒன்று இருந்ததாம். யாருடைய பழைய செல்போனிலிருந்தோ எடுத்து வைத்திருந்தாள். அந்த செல்போன் அதற்குள் இல்லாமல் போய்விட்டது. வீட்டில் வேறு படம் கிடையாது. கல்யாணமே கோயிலில் மாலை மாற்றிக்கொண்டது, அதற்கு ஏது போட்டோ. "எடுக்க முடியுமா சார்?" என்று கேட்டாள். நான் தெரிந்த மாதிரி கொஞ்ச நேரம் மௌஸை நகர்த்திவிட்டு, முடியாதும்மா என்றேன். அவள் அழவில்லை. "சரிங்க சார்" என்று மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கே ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் வைத்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோயிருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்கக்கூடும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். சாதாரணமாகச் செய்கிற வேகமான ஃபார்மட், பழைய ஹார்ட் டிஸ்கில் இருப்பதை உடனே அழிப்பதில்லை. எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத்தான் கிழித்துப் போடுகிறது. அதன் மேல் புதிதாக எழுத எழுதத்தான் பழையது அழிகிறது. அவள் அந்த ஒரு வாரமும் அதில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் லினக்ஸ் கற்றுக்கொண்டது அந்த வெட்கத்தில்தான். சுதந்திர மென்பொருள் கொள்கை, ஸ்டால்மன் 1983இல் என்ன அறிவித்தார் என்பதெல்லாம் பிறகு படித்தது. 2014 மே மாதம் ஓய்வு பெற்றேன். பொழுது இருந்தது. 2012இல் தொடங்கிய 'கணியம்' என்ற மின்னிதழ் கிடைத்தது. லினக்ஸையும் கட்டற்ற மென்பொருளையும் பற்றித் தமிழிலேயே எழுதுகிறவர்கள், காசு வாங்காமல். ஐம்பத்தெட்டு வயதுக்கு மேல் ஒருவன் கட்டளை வரியில் தட்டக் கற்றுக்கொள்ள முடியுமா என்றால், முடியும். மறந்து மறந்து போகும். நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நான் அதற்குப் பச்சை அட்டை நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன்.

அந்த நோட்டுதான் இந்தத் தடவை காப்பாற்றியது. சிபியுவைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். (ஆட்டோக்காரர், "என்ன சார், ஆஸ்பத்திரில அட்மிட் பண்ணலையா?" என்றார்.) எதிர்வீட்டுப் பையனின் லேப்டாப்பை இரவல் வாங்கி, அதில் லினக்ஸை இறக்கி ஒரு பென்டிரைவில் எழுதினேன். மெஷினை அந்தப் பென்டிரைவிலிருந்தே எழுப்பலாம், உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே. 'நிறுவு' என்று கேட்கும். கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, 'முயன்று பார்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரை வந்தது. ஹார்ட் டிஸ்கைத் திறந்தேன். என் பெயரில் இருந்த அடைவுக்குள் எல்லாம் அப்படியே இருந்தன. 2022 ஜனவரியைத் திறந்து அந்த வீடியோவை ஓடவிட்டேன். "வடக்கால பொங்கிச்சுன்னா நல்லதுதான், நீங்க சும்மா இருங்க" என்றாள்.

எதிர்வீட்டுப் பையன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் பேசவில்லை.

எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு நகல் எடுத்து முடிக்க ராத்திரி பதினோரு மணி ஆயிற்று. ரிப்பேர் எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றக்கூடாது. நகல் கையில் இருந்தால் கை நடுங்காது.

ரிப்பேர் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெஷின் எழும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் ஒரு பட்டியல் வரும். அதில் பழைய கெர்னல்கள் இருக்கும். புது கெர்னல் கதிகலங்கி நின்றால், போன மாதம் வரை ஓடிக்கொண்டிருந்த பழையதைத் தேர்ந்தெடுத்துப் போகலாம். லினக்ஸ் பழையதை உடனே தூக்கிப் போடுவதில்லை, ஒன்றிரண்டை வைத்திருக்கும். அதில் எழுந்தது. படமில்லை, வெறும் எழுத்துத் திரைதான், ஆனாலும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. பாதியில் நின்ற வேலைகளை முடித்து வை என்ற கட்டளையைக் கொடுத்தேன். கொஞ்ச தூரம் ஓடி, 'இடம் இல்லை' என்று நின்றது.

இருநூறு ஜிபி காலியாக இருக்கிற டிஸ்கில் ஏன் இடம் இல்லை? இங்கேதான் படிக்க வேண்டும். முதலில் நிறுவியபோது, யாரோ எழுதியதைப் பார்த்து, மெஷின் எழுவதற்கான கோப்புகளுக்கு மட்டும் 'பூட்' என்று அரை ஜிபி தனியாக ஒதுக்கியிருந்தேன். நான்கு வருடத்தில் பழைய கெர்னல்கள் வண்டல் மாதிரி அதில் சேர்ந்துவிட்டன. புதுப் பதிப்பு ஏறும்போது மயிரிழையில் இடம் தேறியிருக்கிறது. கரண்ட் போனதும் பாதி எழுதிய கோப்பு மீதி இடத்தையும் அடைத்துக்கொண்டது. அதனால் புது கெர்னல் எழும்போது கைப்பிடியாக இருக்க வேண்டிய சின்னக் கோப்பு உருவாகவே இல்லை. கைப்பிடி இல்லாததால் அது ஹார்ட் டிஸ்கையே கண்டுபிடிக்க முடியாமல் அலறியது. நோய் அவ்வளவுதான்.

எதில் ஓடிக்கொண்டிருக்கிறோமோ அந்த கெர்னலைத் தொடாமல் மற்ற பழையவற்றை நீக்கினேன். பாதிக் கோப்பையும் நீக்கினேன். திரும்ப அதே கட்டளை. இந்தத் தடவை முக்கால் மணி நேரம் ஓடி முடித்தது. கைப்பிடிக் கோப்பைப் புதிதாக உருவாக்கச் சொன்னேன், பட்டியலைப் புதுப்பிக்கச் சொன்னேன், நிறுத்தி எழுப்பினேன். வந்துவிட்டது. தமிழ் 99 விசைப்பலகை காணாமல் போயிருந்தது, பிரிண்டர் கோபித்துக்கொண்டது. அவற்றுக்கு மறுநாள் முழுதும் போயிற்று. செலவு ஆட்டோவுக்கு மட்டும்.

சரி, எல்லோரும் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. செய்ய வேண்டியதும் இல்லை. காயில் கட்ட எல்லோருக்கும் தெரிய வேண்டுமா என்ன? தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் போதும். அந்த ஒருவர் இல்லை என்பதுதான் என் வழக்கு.

கடைப் பையன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஃபார்மட் என்றால் அவனுக்கு ஒரு மணி நேரம், ஐநூறு ரூபாய். நான் செய்த மாதிரி உட்கார்ந்தால் ஒன்றரை நாள். அதற்கு இரண்டாயிரம் கேட்டால் நாம் கொடுப்போமா? "என்னப்பா, சும்மா ரெண்டு பட்டன தட்டினதுக்கு இவ்வளவா?" என்று கேட்போம். மோட்டார் மெக்கானிக்கின் கையில் கிரீஸ் இருப்பதால் கூலி கொடுக்கிறோம். இவன் கை சுத்தமாக இருப்பதால் கொடுப்பதில்லை.

லினக்ஸ்காரர்களையும் விடுவதாக இல்லை. உதவி கேட்டால், "அப்கிரேடு பண்ணும் முன் பேக்கப் எடுத்தீர்களா?" என்பதுதான் அவர்களில் பலர் சொல்லும் முதல் வார்த்தை. வீடு எரியும்போது இன்சூரன்ஸ் கட்டினீர்களா என்று கேட்கிற ரகம். புதுப் பதிப்பை ஏற்றுகிற அந்த ஒரு பொத்தானில், இதற்கு இரண்டு மணி நேரம் ஆகலாம், நடுவில் மின்சாரம் நின்றால் விபரீதம், யுபிஎஸ் இருக்கிறதா என்று கொட்டை எழுத்தில் கேட்டால் என்ன குறைந்துவிடும்? 'கெர்னல் பானிக்' என்று மிரட்டுகிற இடத்தில், 'பயப்படாதீர்கள், பழைய கெர்னலில் முயன்று பாருங்கள்' என்று ஒரு வரி தமிழில் வந்தால் எத்தனை பேருடைய போட்டோக்கள் பிழைக்கும்? மெனுவைத் தமிழில் மொழிபெயர்த்தவர்களுக்கு என் வணக்கம். ஆனால் ஆபத்து வருகிற நேரத்தில் அந்தத் தமிழைக் காணோமே.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். நம் வயதுக்காரர்கள் வீட்டில் இருக்கும் மெஷின்களில் பலவற்றில் இவை இல்லை. இனி கடைக்குப் போனால் இரண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று தூக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் ஃபார்மட் பண்ணி வேறு எதையாவது போடலாம். இரண்டிலும் உங்கள் கிணற்றைத் தூர்ப்பார்கள். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர் உ.வே.சா., நம் ஆட்கள் பழைய ஏடுகளை ஆற்றில் விட்டதையும் நெருப்பில் போட்டதையும் வயிற்றெரிச்சலோடு எழுதி வைத்திருக்கிறார். ஏட்டை ஆற்றில் விட்டவர்களும் கெட்டவர்கள் இல்லை. பூச்சி அரித்தது, படிக்க ஆள் இல்லை, இடத்தை அடைக்கிறது, ஆடிப்பெருக்கில் விட்டால் புண்ணியம் என்றுதான் விட்டார்கள். நாம் ஐநூறு ரூபாய் கொடுத்து விடுகிறோம்.

போன வாரம் யுபிஎஸ்ஸுக்குப் பேட்டரி வாங்க அந்த முதல் கடைக்கே போனேன். பையன் ஞாபகம் வைத்திருந்தான். "என்ன சார், எங்க ஃபார்மட் பண்ணீங்க?" என்றான். பண்ணவில்லை என்று சொல்லிப் பென்டிரைவைக் காட்டினேன். நம்பாமல் கடையில் கிடந்த ஒரு மெஷினில் சொருகிப் பார்த்தான். எழவில்லை. பயாஸில் ஏதோ மாற்ற வேண்டியிருந்தது. இருவரும் தலையைச் சொறிந்துகொண்டு இருபது நிமிடம் பார்த்தோம். எழுந்தது. அந்த நேரம் பார்த்து ஓர் அம்மா மகளோடு லேப்டாப் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஆன் ஆகி நிற்கிறதாம், உள்ளே போக மாட்டேன் என்கிறதாம்.

பையன் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான்.

"உள்ள போட்டோ கீட்டோ இருக்காக்கா?"

"இவ காதுகுத்துப் படமெல்லாம் இருக்கு தம்பி."

"அதுக்குத் தனியா முந்நூறு ரூபா கேளுப்பா" என்று அவனிடம் சொல்லிவிட்டு, பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பென்டிரைவ் அங்கேயே இருக்கிறது.